மே வெஸ்ட், சென்சாருக்கு ஓயாமல் வேலை வைத்த நடிகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த மே வெஸ்ட்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முடியும். 1893 ஆகஸ்ட் 17 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். 1980 நவம்பர் 22 அன்று, 87 வயதில், ஹாலிவுட்டில் தன் வீட்டிலேயே இறந்தார். மேடை நடிகை, பாடகி, நாடக ஆசிரியர், அப்புறம்தான் சினிமா நடிகை. நடித்த படங்கள் மொத்தமே 12. அதிலும் ஊரைக் கலக்கியவை என்று எண்ணினால் நாலைந்து தேறும். அந்த நாலைந்தை வைத்துக்கொண்டு அமெரிக்க சினிமாவின் தணிக்கைக்காரர்களை நிம்மதியாகத் தூங்கவிடாமல் செய்தவர் என்பதால்தான் இன்றைக்கும் அவர் பெயர் அடிபடுகிறது.

'கவர்ச்சி நடிகை' என்ற பட்டத்தை வைத்துக்கொண்டு அவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் பாதிதான் கிடைக்கும். என்னைக் கேட்டால் அவர் முதலில் எழுத்தாளர். தான் பேச வேண்டியதைத் தானே எழுதி, அதைப் பேசுவதற்கென்று ஒரு பெண்ணையும் உருவாக்கி, ஆயுள் முழுக்க அந்தப் பெண்ணாகவே நடமாடியவர். கீழே உள்ள பதில்கள் பலவும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

குடும்பம், சின்ன வயது?

அப்பா ஜான் வெஸ்ட் குத்துச்சண்டைக்காரர். 'பேட்லிங் ஜாக்' என்றால்தான் பேட்டையில் தெரியும். பிற்பாடு துப்பறியும் வேலை பார்த்தார். அம்மா மட்டில்டா ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். மகளை மேடையேற்றியே தீருவது என்று நின்றவர் அம்மாதான். மே கடைசிவரை அம்மா பிள்ளை. 1930இல் அம்மா இறந்தபோது ஆடிப்போய்விட்டார்.

பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான். சிறுமியாக இருக்கும்போதே அமெச்சூர் போட்டிகளில் பாடி ஆடிப் பரிசு வாங்கினார். பதின்மூன்று, பதினாலு வயதில் தொழில்முறைக் குழுவுக்குப் போய்விட்டார். அப்புறம் வாட்வில் மேடைகள். ஒரு பாட்டு, ஒரு ஆட்டம், ஒரு வித்தை, ஒரு நகைச்சுவைத் துண்டு என்று ஒரே மாலையில் பத்துப் பேர் வந்து போகும் கதம்ப நிகழ்ச்சி அது. உனக்குக் கிடைக்கும் சில நிமிடங்களுக்குள் சபையைப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஊரில் உனக்கு வேலை இல்லை. கிட்டத்தட்ட இருபது வருடம் அந்தப் பள்ளியில்தான் படித்தார். பிற்காலத்தில் ஒரே வரியில் தியேட்டரைச் சாய்த்தாரே, அந்தப் பாடம் இங்கே கற்றது.

அந்த இடுப்பு நடை, இழுத்து இழுத்துப் பேசும் பேச்சு எல்லாம் எங்கிருந்து வந்தது?

பல இடங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது. அந்தக் காலத்து மேடை நட்சத்திரம் ஈவா டாங்குவேயின் துடுக்கு கொஞ்சம். பெண் வேடமிட்டுச் சிரிக்க வைத்த பெர்ட் சவோயின் குலுக்கல் கொஞ்சம். சிகாகோவின் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் பார்த்த, தோளைக் குலுக்கி ஆடும் ஷிம்மி ஆட்டம், ப்ளூஸ் பாட்டு இவற்றிலிருந்து நிறைய. 1918இல் நியூயார்க்கின் நாடகப் பேட்டையான பிராட்வேயின் மேடையில் ஷிம்மி ஆடிக் கைத்தட்டல் வாங்கினார்.

பெண் வேடமிட்ட ஆண்களைப் பார்த்து ஒரு பெண் தன் பெண்மையைக் கற்றுக்கொண்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அவரைப் பார்க்கும்போது 'இது நடிப்பு, எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்' என்று கண்ணடிப்பது போலவே இருக்கும். காரணம் இதுதான்.

உண்மையிலேயே ஜெயிலுக்குப் போனாரா?

போனார். 8 நாள்.

கதை இது. 1926 ஏப்ரல் 26 அன்று நியூயார்க்கின் டேலிஸ் தியேட்டரில் ஒரு நாடகம் அரங்கேறியது. பெயர் 'செக்ஸ்'. சுற்றி வளைக்காத பெயர். எழுதியவர் ஜேன் மாஸ்ட் என்று போட்டிருந்தது. அது மே வெஸ்ட்டின் புனைபெயர். மார்ஜி என்ற பாலியல் தொழிலாளிதான் கதாநாயகி. மான்ட்ரியலின் சிவப்பு விளக்குப் பகுதியில் ஆரம்பித்து, டிரினிடாட் போய், கடைசியில் கனெக்டிகட்டின் பணக்கார வீட்டுக் கூடத்தில் முடிகிற கதை. விமர்சகர்கள் காறித் துப்பினார்கள். ஜனம் வரிசையில் நின்றது. 375 காட்சிகள் ஓடியது.

கிட்டத்தட்ட பத்து மாதம் சும்மா இருந்த போலீஸ், 1927 பிப்ரவரி 9 அன்று திடீரென்று உள்ளே புகுந்தது. மேயர் ஜிம்மி வாக்கர் ஊரில் இல்லை. அவர் இடத்தில் இருந்தவருக்கு ஒழுக்கத்தில் அக்கறை அதிகம். அன்றிரவு மூன்று நாடகங்கள் மீது ரெய்டு. மே வெஸ்ட்டோடு குழுவே கைதானது.

வழக்கு விசாரணை நாடகத்தைவிடச் சுவையானது. மேடையில் அவர் ஆடிய ஆட்டம் ஆபாசம் என்று சாட்சி சொல்ல ஒரு துப்பறியும் போலீஸ்காரர் கூண்டில் ஏறினார். தொப்புளைப் பார்த்தீர்களா என்று குறுக்கு விசாரணை. தொப்புளைப் பார்க்கவில்லை, ஆனால் உடம்பின் நடுவே ஏதோ ஒன்று கிழக்கிலிருந்து மேற்காக நகர்ந்தது என்றார் அவர். ஏப்ரல் 19 அன்று தீர்ப்பு: 10 நாள் சிறை, 500 டாலர் அபராதம். அவருடைய மேனேஜர் ஜிம் டிமோனிக்கும் அதே தண்டனை.

வெல்ஃபேர் தீவின் சிறையில் நன்னடத்தைக்காக 2 நாள் கழித்து விட்டார்கள். சிறை அதிகாரி வீட்டில் சாப்பாடு, சிறைச் சீருடைக்குள் சொந்தப் பட்டு உள்ளாடை என்றெல்லாம் வெளியே வந்து பத்திரிகைக்காரர்களிடம் அவரே அடுக்கினார். அதில் எத்தனை நிஜம், எத்தனை சரடு என்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை. நாடகத்தை ஒழிக்க நினைத்தவர்கள் அவருக்கு நாடு முழுக்க இலவச விளம்பரம் செய்து கொடுத்தார்கள் என்பது மட்டும் சத்தியம்.

அந்த ஒரு நாடகத்தோடு அடங்கினாரா?

எங்கே அடங்கினார்! வழக்கு நடந்த அதே 1927இல் 'தி டிராக்' என்று ஒன்று எழுதினார். தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களைப் பற்றியது. அவர்களில் பலரையே மேடையேற்றினார். கனெக்டிகட்டிலும் நியூ ஜெர்சியிலும் நடந்தது. பிராட்வேக்குள் மட்டும் விடவில்லை. அதிலுள்ள கருத்துகளை இன்றைக்கு வாசித்தால் சில இடங்கள் நெளிய வைக்கும். ஆனாலும் அந்த வருடத்தில் அந்த மனிதர்களை மேடையில் பேசவிட்டதே பெரிய காரியம். 1928இல் எழுதிய 'பிளெஷர் மேன்' நாடகத்துக்கு மறுபடி ரெய்டு, மறுபடி வழக்கு. இந்த முறை ஜூரிகளுக்குள் ஒத்துப்போகவில்லை, தப்பித்தார்.

நடுவில் 1928 ஏப்ரலில் வந்த 'டைமண்ட் லில்' தான் அவரைப் பணக்காரராக்கியது. 1890களின் நியூயார்க் மதுக்கடை, அங்கே பாடும் வைரப் பித்துப் பிடித்த ஒரு பெண். பழைய காலம், அகலத் தொப்பி, இறுக்கிக் கட்டிய இடுப்பு. இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. தட்டையான உடம்பும் கத்தரித்த முடியும்தான் அன்றைய மோஸ்தர். மே வெஸ்ட்டுக்கு அந்த உடம்பு இல்லை. மோஸ்தருக்கு ஏற்றபடி உடம்பை மாற்றுவானேன் என்று கதையைத் தன் உடம்புக்குத் தோதான காலத்துக்கு நகர்த்திவிட்டார்.

ஹாலிவுட்டுக்கு எப்போது வந்தார்?

1932இல். வயது 38 முடிந்து 39 நடந்துகொண்டிருந்தது. கதாநாயகிகள் ஓய்வு பெறும் வயது. பாரமவுண்ட் நிறுவனம் வாரம் 5,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. முதல் படம் ஜார்ஜ் ராஃப்ட் நாயகனாக நடித்த 'நைட் ஆஃப்டர் நைட்'. இவருக்குச் சின்ன வேடம். கொடுத்த வசனம் பிடிக்கவில்லை, நானே எழுதிக்கொள்கிறேன் என்று அடம்பிடித்து எழுதினார்.

அவர் உள்ளே நுழையும் காட்சியைப் பாருங்கள். உடம்பெல்லாம் வைரம். தொப்பியும் கோட்டும் வாங்கி வைக்கும் பெண் வாய் பிளந்து, "அட தெய்வமே, என்ன அழகான வைரம்!" என்கிறாள். போகிற போக்கில் பதில் வருகிறது: "தெய்வத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைடி கண்ணு." சொல்லிவிட்டு அவர் நிற்கவில்லை. அப்படியே மாடிப்படியில் ஏறுகிறார், நிதானமாக, ஒவ்வொரு படியாக. அவர் ஏறி முடிக்கும்வரை கேமரா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தானே சண்டை போட்டு வாங்கியதாக அவர் பின்னாளில் சொன்னார். காரணமும் சொன்னார்: ஜனம் சிரித்து முடிக்க நேரம் வேண்டாமா? மேடையில் இருபது வருடம் சிரிப்பை அளந்து பார்த்தவருக்குத்தான் இந்தக் கணக்கு வரும்.

கேமராவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் திருடிக்கொண்டு போய்விட்டார் என்று ஜார்ஜ் ராஃப்ட் பின்னால் சொன்னார்.

பாரமவுண்டை திவாலிலிருந்து காப்பாற்றினார் என்கிறார்களே?

கொஞ்சம் மிகைதான், ஆனால் அடியோடு பொய்யில்லை. பொருளாதார மந்தத்தில் தியேட்டர்கள் காற்று வாங்கிக்கொண்டிருந்த நேரம். 1933 ஜனவரியில் பாரமவுண்ட் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் (ரிசீவர்) கைக்குப் போனது. கிட்டத்தட்ட அதே சமயம் வந்தது 'ஷீ டன் ஹிம் ராங்'. 'டைமண்ட் லில்' நாடகத்தின் சினிமா வடிவம்தான். அந்தப் பெயரைச் சினிமாவில் சொல்லவே கூடாது என்று தணிக்கைப் பக்கத்தில் சொல்லிவிட்டதால் படத்துக்குப் புதுப் பெயர், லில் என்பவள் லூ ஆனாள். மூன்று வாரத்துக்குள் எடுத்து முடித்த, சிக்கனமான படம். வசூலோ 20 லட்சம் டாலருக்கு மேல். அதே வருடம் 'ஐம் நோ ஏஞ்சல்' அதைவிடப் பெரிதாக ஓடியது.

ஒரு பெரிய ஸ்டுடியோவை இரண்டு படம் மட்டும் தூக்கி நிறுத்திவிடாது. ஆனால் மூச்சுத் திணறும் நேரத்தில் கையில் காசு வந்தது இவரால்தான்.

கேரி கிராண்டைக் கண்டுபிடித்தது இவரா?

அப்படித்தான் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டுடியோ வளாகத்தில் நடந்துபோன ஓர் அழகனைப் பார்த்து, "இவனுக்குப் பேச வந்தால் போதும், எடுத்துக்கொள்கிறேன்" என்றாராம். நல்ல கதை. ஆனால் கேரி கிராண்ட் அதற்கு முன்பே பல படங்கள் நடித்துவிட்டார். 1932இலேயே அன்றைய பெரிய நட்சத்திரம் மார்லின் டீட்ரிச்சோடு நடித்திருந்தார். மே வெஸ்ட்டோடு நடித்த இரண்டு படங்களும் அவரைப் பிரபலமாக்கின என்பது சரி. கண்டுபிடிப்பு என்பது மே வெஸ்ட் பாணி விளம்பரம்.

அவருடைய அந்தப் புகழ்பெற்ற வரி எந்தப் படத்தில்?

"ஒரு நாள் மேலே வந்து என்னைப் பாரேன்" என்பதுதானே? 'ஷீ டன் ஹிம் ராங்' படத்தில் கேரி கிராண்டைப் பார்த்துச் சொல்கிறார். உலகம் மேற்கோள் காட்டுவது வார்த்தைகளை முன்பின் மாற்றி. ஜனங்களின் வடிவம் இன்னும் கச்சிதமாக இருந்ததால், பின்னால் அவரே அதைப் பிடித்துக்கொண்டார்.

'ஐம் நோ ஏஞ்சல்' படத்தில் இன்னும் அள்ளலாம். "நான் நல்லவளா இருக்கும்போது ரொம்ப நல்லவ. கெட்டவளா இருக்கும்போது அதைவிட நல்லா இருப்பேன்" என்பது அதில்தான். வேலைக்காரியிடம் "ப்யூலா, ஒரு திராட்சையை உரிச்சுக் கொடு" என்பதும் அதில்தான். இந்த இரண்டாவதில் ஆபாசமாக என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. வந்தவரிடம் வாய்ச்சண்டை போட்டு அனுப்பிவிட்டு, கதவு மூடியதும் அவர் கேட்பது திராட்சை. அலட்சியம்தான் அங்கே சுவை.

அரைகுறை உடையோ நிர்வாணமோ இல்லாமல் எப்படி இவ்வளவு சர்ச்சை?

இந்தப் பக்கத்தில் நான் அதிகம் விரும்பும் கேள்வி இது. அவர் படங்களைத் தேடிப் பார்ப்பவர்கள் முதலில் ஏமாந்துபோவார்கள். கழுத்திலிருந்து கால்வரை மூடிய கவுன். முத்தக் காட்சிகள் அபூர்வம். அதே காலத்தில் மற்ற நடிகைகள் காட்டிய உடம்பில் பாதிகூட இவர் காட்டவில்லை.

எல்லாம் குரலில் இருந்தது. சாதாரண வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மூக்கு வழியாக இழுப்பார். 'ம்ம்' என்று ஒரு முனகல் சேர்ப்பார். எதிரே நிற்கும் ஆணைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்ப்பார். கடைக்காரரிடம் கத்தரிக்காய் சொத்தையா என்று பார்க்கிறவர் போல. அதுவரை சினிமாவில் ஆண்தான் பெண்ணை அப்படி அளந்து பார்ப்பான். இங்கே தலைகீழ். பயந்தவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பது எனக்கு இதில்தான் புரிகிறது. அவர் நடித்த பெண்களுக்கு ஆசை இருந்தது, வருத்தம் இல்லை. மற்றப் படங்களில் 'தவறிய' பெண் கடைசி ரீலில் காசநோயில் சாவாள், இல்லை ஆற்றில் விழுவாள். மே வெஸ்ட் கடைசி ரீலில் வைரத்தோடும் நாயகனோடும் புறப்பட்டுப் போவார்.

சென்சாரோடு அவருக்கு என்ன தகராறு?

ஹாலிவுட்டின் ஒழுக்க விதிகள் 1930லேயே எழுதப்பட்டுவிட்டன. ஆனால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கத்தோலிக்க அமைப்புகள் படங்களைப் புறக்கணிப்போம் என்று கிளம்பிய பிறகுதான், 1934 ஜூலையிலிருந்து, ஜோசப் பிரீன் தலைமையில் தனி அலுவலகம் வைத்துக் கறாராக அமல்படுத்தினார்கள். பிரீனின் முத்திரை இல்லாமல் பெரிய ஸ்டுடியோ படம் வெளிவர முடியாது. இந்தக் கெடுபிடி மே வெஸ்ட் ஒருவரால் மட்டுமே வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது அவருக்குக் கொஞ்சம் அதிக மரியாதை. காரணங்கள் பல, அவற்றில் கண்ணுக்குத் தெரிந்த முகம் இவர்.

அந்த வருடம் அவர் எடுத்த படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'இட் எய்ன்ட் நோ சின்', அதாவது 'இது ஒன்றும் பாவமில்லை'. பெயருக்கு எதிர்ப்பு. 'பெல் ஆஃப் தி நைன்டீஸ்' என்று சாதுவாக மாற்றி, முடிவில் கல்யாணத்தையும் ஒட்டவைத்து வெளியிட்டார்கள். விளம்பரத்துக்காக ஐம்பது கிளிகளுக்குப் பழைய தலைப்பைச் சொல்லப் பழக்கிவைத்திருந்தார்கள், அவை பழகி முடித்த நேரத்தில் தலைப்பு போய்விட்டது என்று ஹாலிவுட்டில் ஒரு கதை உலவுகிறது. கிளிகளை யார் பார்த்தார்களோ!

அவருடைய தந்திரம் ஒன்று உண்டு. ஸ்கிரிப்டில் வேண்டுமென்றே படுமோசமான சில வரிகளை எழுதி வைப்பாராம். அதிகாரிகள் அவற்றைத் திருப்தியாக வெட்டுவார்கள். இவருக்கு உண்மையில் வேண்டியிருந்த வரிகள் பக்கத்திலேயே பிழைத்துக்கொள்ளும். இதை அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் பிரீன் ஏமாளி இல்லை. ஒவ்வொரு படத்திலும் கத்தி ஆழமாக இறங்கியது. 1935, 36க்குப் பிந்தைய படங்களைப் பார்த்தால், நல்ல உப்பு உறைப்போடு சமைத்துக்கொண்டிருந்தவரைப் பத்தியச் சாப்பாடு போடச் சொன்னது தெரியும்.

பத்திரிகை முதலாளி ஹார்ஸ்ட் அவரை ஏன் எதிர்த்தார்?

1936இல் வந்த 'குளோண்டைக் ஆனி' படத்தில் கொலைசெய்துவிட்டுத் தப்பும் ஒரு பெண், மத ஊழியராக வேடமிட்டு அலாஸ்காவில் பிரசங்கம் செய்வாள். வில்லியம் ராண்டால்ஃப் ஹார்ஸ்ட் கொதித்துப்போய், தன் பத்திரிகைகளில் அந்தப் படத்துக்கு இடம் தரக் கூடாது என்று உத்தரவு போட்டார். மே வெஸ்ட் விஷயத்தில் நாடாளுமன்றம் ஏதாவது செய்ய வேண்டாமா என்றும் ஹார்ஸ்ட் தரப்பில் கேட்டார்கள். அப்போது ஹார்ஸ்ட் மனைவியைப் பிரிந்து நடிகை மேரியன் டேவிஸோடு ஊரறிய வாழ்ந்துகொண்டிருந்தார். படம் நன்றாகவே ஓடியது.

வருமானம் எவ்வளவு?

1935இல் மட்டும் 4,80,000 டாலருக்கு மேல். அமெரிக்காவிலேயே அதிகச் சம்பளம் வாங்கிய பெண். ஆண்களையும் சேர்த்துப் போட்ட பட்டியலில் அவருக்கு மேலே இருந்தவர் யார் தெரியுமா? மேலே சொன்ன அதே ஹார்ஸ்ட். சம்பாதித்ததைக் குதிரையிலும் சூதிலும் விடாமல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நிலத்தில் போட்டார். ஆனால் வாழ்ந்தது ராவன்ஸ்வுட் என்ற கட்டடத்தின் ஒரு ஃபிளாட்டில், சாகும்வரை. சுவர், சோபா, பியானோ எல்லாம் வெள்ளையும் தங்கமும்.

ரேடியோவில் என்ன நடந்தது?

1937 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க ரேடியோ நிறுவனமான என்பிசியில் ஒரு காபிக் கம்பெனி வழங்கிய நகைச்சுவை நிகழ்ச்சி. ஆதாம் ஏவாள் கதையை வைத்து ஒரு சின்ன நாடகம். ஏவாள் மே வெஸ்ட், ஆதாம் டான் அமீச்சி. ஏதேன் தோட்டத்தில் எல்லாம் இருக்கிறது, போரடிக்கிறது என்று ஏவாளுக்குச் சலிப்பு. பாம்பைத் தாஜா செய்து பழத்தைப் பறித்துவரச் செய்கிறாள். அதே நிகழ்ச்சியில் பொம்மையைப் பேசவைக்கும் கலைஞர் எட்கர் பெர்கனின் மரப்பொம்மை சார்லி மெக்கார்த்தியோடும் சரசப் பேச்சு.

சர்ச்சுகளிலிருந்து கடிதங்கள் குவிந்தன. அரசாங்க ஒலிபரப்புக் கமிஷன் விளக்கம் கேட்டது. கம்பெனி மன்னிப்புக் கேட்டது. அவர் பெயரையே உச்சரிக்கக் கூடாது என்று என்பிசி தடை போட்டது. பன்னிரண்டு வருடம் ரேடியோ பக்கமே அவர் வர முடியவில்லை.

கவனிக்க வேண்டியது இது: நாடகத்தை எழுதியவர் ஆர்ச் ஓபோலர். நிலையத்தார் முன்கூட்டியே படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்த ஸ்கிரிப்ட். காகிதத்தில் அது சாதுவாகத்தான் இருந்தது. ஒலிபரப்பில் அவர் வாயில் வந்தபோதுதான் வேறாகிவிட்டது. ஒரு குரலை எந்தப் பென்சிலால் வெட்டுவது?

கல்யாணம் செய்துகொண்டாரா?

கல்யாணமே ஆகாதவர் என்றுதான் பல வருடம் சொல்லிவந்தார். 1935இல் மில்வாக்கியில் பழைய ஆவணங்களைப் புரட்டிய ஒரு குமாஸ்தாவின் கையில் 1911ஆம் வருடத்துத் திருமணப் பதிவு அகப்பட்டது. மணமகள் மே வெஸ்ட், மணமகன் ஃபிராங்க் வாலஸ் என்ற வாட்வில் ஆட்டக்காரர். அப்போது மே வெஸ்ட்டுக்கு 17 வயது. அது நானில்லை, வேறு யாரோ என்று சாதித்தார். வாலஸ் கோர்ட்டுக்குப் போனபிறகு, 1937இல் ஒப்புக்கொண்டார். சேர்ந்து குடித்தனம் நடத்தியது மிகக் கொஞ்ச நாள்தான். 1940களின் ஆரம்பத்தில் விவாகரத்து.

கடைசி இருபத்தைந்து வருடம் அவரோடு இருந்தவர் பால் நோவாக். அவரைவிட முப்பது வயது இளையவர். 1950களில் லாஸ் வேகாஸ் மேடையில் மே வெஸ்ட் தன்னைச் சுற்றிக் கட்டுமஸ்தான இளைஞர்களை அரை ஆடையில் நிறுத்தி ஒரு நிகழ்ச்சி நடத்தினார். அழகிகளைச் சுற்றி நிறுத்துவதே வழக்கமான ஊரில் அது ஒரு குறும்பு. அந்த இளைஞர்களில் ஒருவர்தான் நோவாக். மே வெஸ்ட் இறக்கும்வரை கூட இருந்து பார்த்துக்கொண்டார்.

நிஜ வாழ்க்கையிலும் திரையில் வந்தது போலத்தானா?

குடிக்க மாட்டார், சிகரெட் தொட மாட்டார். 1940இல் 'மை லிட்டில் சிக்கடீ' படத்தில் கூட நடித்த டபிள்யூ.சி. ஃபீல்ட்ஸ் பிரசித்தி பெற்ற குடிகாரர், இருவருக்கும் ஆகவில்லை. சண்டை குடியால் மட்டும் இல்லை. திரைக்கதை எழுதியதில் இருவர் பெயரையும் போட்டுவிட்டார்கள். பெரும்பகுதி தன்னுடையது என்று மே வெஸ்ட் கடைசிவரை பொருமினார். நடிப்பைக் குறை சொன்னால்கூட விட்டுவிடுவார் போலிருக்கிறது, எழுத்தில் பங்கு கேட்டால் விடமாட்டார்.

எவ்வளவு உயரம்?

சுமார் 5 அடி. திரையில் அப்படித் தெரியாது. தரை தொடும் கவுனுக்குள் அடுக்கடுக்கான கனத்த அடிப்பாகம் வைத்த செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு வேகமாக நடக்க முடியாது. அந்த அன்ன நடையில் பாதி கலை, பாதி செருப்பு.

கறுப்பினக் கலைஞர்களுக்கு இடம் கொடுத்தாரா, பயன்படுத்திக்கொண்டாரா?

இரண்டும்தான். 'பெல் ஆஃப் தி நைன்டீஸ்' படத்தில் கறுப்பின ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டனின் இசைக்குழுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துத் திரையிலேயே தோன்ற வைத்தார். 1934இல் அது சாதாரணம் இல்லை. லூயிஸ் பீவர்ஸ், கெர்ட்ரூட் ஹோவர்ட் போன்ற கறுப்பின நடிகைகளோடு அவர் பேசும் காட்சிகளில் மற்றப் படங்களில் இல்லாத ஒரு நெருக்கம் தெரியும். ஆனாலும் அவர்கள் வேலைக்காரிகள்தான். திராட்சை உரிப்பது அவர்கள் கைதான். அவர் பாடிய ப்ளூஸும் ஆடிய ஷிம்மியும் யாரிடமிருந்து வந்ததோ அவர்களுக்கு அந்தப் பணத்தில் பங்கு போகவில்லை. 'குளோண்டைக் ஆனி'யில் சீனர்களைக் காட்டிய விதமும் இன்றைக்குப் பார்க்கச் சங்கடமானது.

லைஃப் ஜாக்கெட்டுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையினர் கடலில் விழுந்தால் மிதக்க மாட்டிக்கொண்ட ஜாக்கெட், காற்றடித்ததும் முன்பக்கம் உப்பும். அதற்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் 'மே வெஸ்ட்'. அது அகராதியிலும் ஏறிவிட்டது. அம்மையாருக்குப் பரம சந்தோஷம்.

ஓவியர் சால்வடோர் டாலி அவர் முகத்தை ஒரு வீட்டின் அறையாக வரைந்தார், உதடுகளைச் சிவப்பு சோபாவாகச் செய்ய வைத்தார். ஸ்பெயினின் ஃபிகரெஸில் உள்ள டாலி அருங்காட்சியகத்தில் அந்த முக அறையை நேரிலேயே பார்க்கலாம். 1967இல் பீட்டில்ஸ் குழு 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' என்ற தங்கள் புகழ்பெற்ற ஆல்பத்தின் அட்டையில் அவர் படத்தைப் போட அனுமதி கேட்டபோது, தனித்திருப்போர் சங்கத்தில் எனக்கென்ன வேலை என்று மறுத்தார். நால்வரும் கடிதம் எழுதிக் கேட்ட பிறகு சம்மதித்தார்.

சினிமாவை ஏன் விட்டார்? திரும்ப வந்தாரா?

1938இல் தியேட்டர்காரர்கள் சங்கம் ஒன்று வசூலுக்கு விஷம் என்று சில நட்சத்திரங்களைப் பட்டியல் போட்டது. கிரேட்டா கார்போ, ஜோன் கிராஃபோர்டு, கேத்தரின் ஹெப்பர்னோடு இவர் பெயரும் அதில். 1943இல் 'தி ஹீட்ஸ் ஆன்' தோற்றது. மேடைக்கே திரும்பிவிட்டார். ரஷ்யப் பேரரசி கேத்தரினாக ஒரு நாடகம், மறுபடி 'டைமண்ட் லில்' என்று போனது காலம். 'சன்செட் பூலவார்டு' படத்தின் மங்கிப்போன நடிகை வேடத்துக்கு இயக்குநர் பில்லி வைல்டர் அவரையும் அணுகியிருக்கிறார். மங்கிப்போனவளாகவா, நானா என்று மறுத்துவிட்டார்.

1970இல் 'மைரா பிரெக்கின்ரிட்ஜ்', 1978இல் 'செக்ஸ்டெட்'. இரண்டும் சுமார்தான். இரண்டாவதில் எண்பதைத் தாண்டிய அவர், முப்பதுகளில் இருந்த டிமோத்தி டால்டனுக்கு மணப்பெண். விமர்சகர்கள் கிழித்தார்கள். எனக்கும் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வயதிலும் தன் வரிகளைத் தானே எழுதிக்கொண்டு வந்து நின்றார்.

முதலில் எந்தப் படத்தைப் பார்க்கலாம்?

'ஐம் நோ ஏஞ்சல்'. சர்க்கஸில் சிங்கத்தின் வாய்க்குள் தலையை விடும் பெண்ணாக வருவார். கடைசியில் கோர்ட் காட்சி வரும். வக்கீலை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுத் தானே சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வார். ஒரு காலத்தில் கூண்டுக்கு இந்தப் பக்கம் நின்றவர் என்பது தெரிந்து பார்த்தால் இன்னும் ருசிக்கும்.

பிடித்திருந்தால் அடுத்து 'ஷீ டன் ஹிம் ராங்'. 66 நிமிடம்தான். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றவற்றிலேயே நீளம் குறைந்த படம் அது. 'நைட் ஆஃப்டர் நைட்' முழுவதையும் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் மாடிப்படிக் காட்சியை மட்டும் தேடிப் பார்க்கலாம். 'செக்ஸ்டெட்'டை மட்டும் தயவுசெய்து முதலில் போடாதீர்கள்.